காட்டில் இரண்டு காலண்டர்

நெதர்லாந்தில் ஒரு வேலை இருக்கிறது. வசந்தகாலத்தில் காட்டுக்குப் போக வேண்டும். ஓக் மரங்களுக்கு அடியில் விரித்துக் கட்டிய மெல்லிய துணியில் மேலிருந்து விழுந்து கிடப்பதையெல்லாம் வழித்தெடுக்க வேண்டும். சுள்ளி, சருகு, பூத்தூள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிச்சமிருக்கும் குட்டிக் குட்டி உருண்டைகளைக் காயவைத்து, எடைபோட்டு, நோட்டில் எழுத வேண்டும். சில நாள் கழித்து மறுபடியும் போய் இதையே செய்ய வேண்டும். அந்த உருண்டைகள் என்னவென்று கேட்கிறீர்களா? மரத்தின்மேல் இலை தின்றுகொண்டிருக்கும் புழுக்கள் போட்ட கக்கா.

சிரித்து முடித்தாயிற்றா? சரி. பூமி சூடாகிக்கொண்டே போகிறதே, அதனால் விலங்குகளுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் எல்லாரும் உடனே பனிக்கரடியைக் காட்டுவார்கள். பனிக்கரடிமேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் கக்காக் கணக்கு அதைவிட நல்ல கதை சொல்கிறது.

இருபது மீட்டர் உயர மரத்தில், பச்சை இலைகளுக்கு நடுவே, பச்சைப் புழுக்களை யாரால் எண்ண முடியும்? எண்ணவே வேண்டாம். தின்கிற வாய் அதிகமானால் கீழே விழுவதும் அதிகமாகும். விழுந்ததை எடைபோட்டால், மேலே எவ்வளவு புழு இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். வெயில் நாளில் புழு வேகமாகத் தின்னும், குளிர் நாளில் மெதுவாகத் தின்னும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் புழுக்கள் மிக அதிகமாக இருக்கும் நாட்கள் எவை என்று இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எதற்கு வேண்டும்? ஒரு குருவியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்னம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹோகே வேலுவே தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே 1955ஆம் ஆண்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் மரங்களில் கூட்டுப்பெட்டிகளை மாட்டி வைத்துக் கவனித்து வருகிறார்கள். பெட்டிக்குள் கூடு கட்டும் குருவிகளில் முக்கியமானது கிரேட் டிட். நாம் பெருஞ்சிட்டு என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் வயிறு, அதன் நடுவே கறுப்புப் பட்டை, கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவர்கள் அதன் உறவுக்காரரான சாம்பல் சிட்டைப் பார்த்திருக்கலாம். முகம் அதேதான், மஞ்சள் மட்டும் கிடையாது.

ஒவ்வொரு பெட்டியிலும் முதல் முட்டை எந்த நாளில் வந்தது, மொத்தம் எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தன, எத்தனை குஞ்சுகள் பறந்து போயின என்று எழுதுவார்கள். குஞ்சின் காலில் எண் போட்ட வளையம் மாட்டுவார்கள். தொடங்கியவர்கள் ஓய்வுபெற்று, அடுத்தவர் வந்து, அவருக்கும் அடுத்தவர் வந்து, நோட்டு மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஒரு கூட்டல் கணக்கு. தாய்ச்சிட்டு நாளுக்கு ஒரு முட்டைதான் இடும். ஒன்பது முட்டை என்றால் ஒன்பது நாள். அடைகாக்கச் சுமார் பதின்மூன்று நாள். பொரிந்து பத்து நாள் ஆகும்போது குஞ்சுகளுக்கு அகோரப் பசி. அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்க, நூற்றுக்கணக்கான தடவை, புழுவைக் கவ்விக்கொண்டு வர வேண்டும். 9, 13, 10. கூட்டினால் 32. அதாவது புழு நிறைந்திருக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே தாய் முதல் முட்டையை இட்டாக வேண்டும். அந்த நாளில் மரத்தில் புழு ஏது? இலையே இருக்காது. மொட்டைக் கிளைதான்.

பிறகு எதைப் பார்த்து அது முடிவு செய்கிறது?

காட்டில் இரண்டு காலண்டர் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெளிச்சக் காலண்டர். நெதர்லாந்து நமக்கு வெகு வடக்கே இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. ஜூனில் கிட்டத்தட்ட பதினேழு மணி நேரம். பூமி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுவதால் இப்படி. ஏப்ரல் 10ஆம் தேதி அங்கே பகல் எவ்வளவு நீளமோ, உங்கள் பாட்டிக்குப் பத்து வயதாக இருந்தபோதும் அதே நீளம்தான். உங்கள் பேரனுக்குப் பத்து வயதாகும்போதும் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று வெப்பக் காலண்டர். இது ஆண்டுக்கு ஆண்டு முன்னே பின்னே போகும். குளிர் நீண்டால் தாள் மெதுவாகக் கிழியும், சீக்கிரம் வெயில் வந்தால் வேகமாகக் கிழியும்.

யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஓக் மொட்டு பெரும்பாலும் வெப்பத்தைப் பார்த்து விரிகிறது. அந்த இலையைத் தின்னும் புழுவின் முட்டையும் வெப்பத்தைப் பார்த்தே பொரிகிறது. பெருஞ்சிட்டு பகல் நீள்வதைப் பார்த்து உடம்பைத் தயார் செய்துகொள்ளும். பிறகு அந்த வாரங்களின் வெப்பத்தைப் பார்த்துச் சின்னத் திருத்தம் செய்துகொள்ளும். இரண்டு காலண்டரும் ஒத்துப்போன காலத்தில் யார் எதைப் பார்த்தாலும் வம்பில்லை. நாம் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து எரித்துக் காற்றில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தோம். பூமி சூடானது. வெப்பக் காலண்டரின் தாள்கள் முன்னதாகவே கிழியத் தொடங்கின. வெளிச்சக் காலண்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

மார்செல் விஸ்ஸர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஹோகே வேலுவேயில் 1973 முதல் 1995 வரை எழுதி வைத்த கணக்குகளை அடுக்கிப் பார்த்தார்கள். ஓக் மரங்கள் முந்திக்கொண்டிருந்தன. புழுக்களும் முந்திக்கொண்டிருந்தன. பெருஞ்சிட்டுகள் முட்டையிடும் நாள் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. குஞ்சுகள் வாய் பிளந்து நிற்கும் நேரத்தில் புழு விருந்து முடியத் தொடங்கிவிடுகிறது! 1998இல் இதை வெளியிட்டார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க இப்படிப்பட்ட ‘நேரம் தவறுதலை’ப் பலரும் தேட ஆரம்பித்தார்கள்.

எல்லா இடத்திலும் இதே விடைதான் கிடைத்ததா? அதுதான் இல்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைட்டம் காடு இருக்கிறது. அங்கே டேவிட் லாக் என்ற பறவையியலாளர் 1947இலேயே இதே பெருஞ்சிட்டைக் கவனிக்கத் தொடங்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். அந்தக் கணக்கை 2008இல் அலசியபோது, சிட்டுகள் முட்டையிடும் நாள் அரை நூற்றாண்டுக்குள் சுமார் இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தது. புழுக்களின் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து அவையும் ஓடியிருக்கின்றன. ஒரே இனம், நடுவில் ஒரு கடல், இரண்டு கதை! இதற்கு ஒரு காரணம், எந்த வாரம் சூடானது என்பது. ஹோகே வேலுவேயில் சிட்டு முடிவெடுக்கும் வாரங்களைவிட, புழு வளரும் பிந்திய வாரங்கள் அதிகம் சூடாகியிருந்தன. சிட்டு பார்த்த தாளில் தப்பான சேதி இருந்தது.

புழுவையும் கொஞ்சம் விசாரிப்போம், அதுவும் பாவம்தான். அது வளர்ந்து அந்துப்பூச்சி ஆகும். பனிக்கால அந்துப்பூச்சி என்று பெயர். மற்றப் பூச்சிகள் எல்லாம் ஒளிந்துகொள்ளும் நவம்பர், டிசம்பர் குளிரில்தான் இது வெளியே வரும். பெண்பூச்சிக்குப் பறக்கும்படியான சிறகு கிடையாது. மண்ணிலிருந்து கிளம்பி ஓக் மரத்தில் நடந்தே ஏறி, உச்சிக் கிளைகளில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ஏப்ரலில் முட்டை பொரியும். மொட்டு விரிவதற்கு முன்னால் பொரிந்தால் தின்ன இலை இல்லை, சில நாளில் பட்டினிச் சாவு. தாமதமாகப் பொரிந்தால் இலை முற்றித் துவர்ப்பேறிவிடும். அது சத்துக் குறைந்த சாப்பாடு. ஆகவே மொட்டு விரியும் நாளும் முட்டை பொரியும் நாளும் ஒட்டி வர வேண்டும்.

வெப்பம் கூடியபோது இந்தப் பூச்சியின் முட்டைகள் அவசரப்பட்டு, மொட்டுக்கும் முன்னால் பொரிய ஆரம்பித்தன. ஏராளமான புழுக்கள் செத்தன. கொஞ்சம் தாமதமாகப் பொரியும் பரம்பரைக் குணம் கொண்டவை பிழைத்தன. அவை முட்டையிட்டன. அவற்றின் பிள்ளைகளும் தாமதக்காரர்கள். 2013இல் ஆராய்ச்சியாளர்கள் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே வெப்பத்தில் இப்போது முட்டைகள் முன்னைவிடப் பல நாள் பிந்திப் பொரிந்தன. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு என்றால் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். இங்கே ஒரு மனிதர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வுபெறுவதற்குள் நடந்து முடிந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பதால் பூச்சிக்கு இந்த வசதி.

பெருஞ்சிட்டின் கணக்கிலும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நேரம் தவறியதால் குஞ்சுகள் குறைகின்றன. அப்படியானால் சில ஆண்டுகளில் ஹோகே வேலுவேயில் சிட்டுகளே அருகிப்போக வேண்டுமல்லவா? கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுக் கணக்கை 2013இல் பார்த்தார்கள். எண்ணிக்கை அப்படி விழுந்துவிடவில்லை! காரணம் பனிக்காலத்தில் இருந்தது. பறந்துபோன குஞ்சுகள் குறைவு என்பதால், பனிக்காலத்தில் இரைக்கும் இடத்துக்கும் போட்டி குறைவு. பிழைத்தவை அதிகம். வசந்தத்தில் இழந்ததைப் பனிக்காலத்தில் ஓரளவு ஈடுகட்டிவிட்டன. புழு முந்தியது, அதனால் குருவி அழிந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற கதைகளை நம்பாதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஈடுகட்டல் எவ்வளவு காலம் தாங்கும் என்பது வேறு விஷயம். வெப்பம் இன்னும் கூடினால் ஒரு கட்டத்தில் அதுவும் போதாமல் போகலாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே எச்சரித்தார்கள்.

உள்ளூர்க் குருவிக்காவது இந்த வசதி உண்டு. வெளியூரிலிருந்து வரும் குருவிக்கு?

அதே காட்டுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் வருகிறது. எடை ஏறக்குறைய 12 கிராம். பனிக்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, சஹாரா பாலைவனத்தைத் தாண்டி வருகிறது. எப்போது கிளம்புவது என்பதற்கு அதற்கு இருப்பது வெளிச்சக் காலண்டரும், உடம்புக்குள்ளேயே ஓடும் ஓர் ஆண்டுக் கணக்கும். நெதர்லாந்தில் இந்த ஆண்டு ஓக் மொட்டு சீக்கிரம் விரிந்துவிட்டது என்று ஆப்பிரிக்காவில் இருக்கும் குருவிக்கு யார் போய்ச் சொல்வது?

கிறிஸ்டியான் போத் என்பவரும் விஸ்ஸரும் 2001இல் எழுதியது இதைத்தான். இருபது ஆண்டுகளில் ஈப்பிடிப்பான் முட்டையிடும் நாள் முன்னால் நகர்ந்திருக்கிறது. ஆனால் வந்து சேரும் நாள் நகரவில்லை. வந்ததும் ஓய்வெடுக்காமல் அவசர அவசரமாகக் கூடு கட்டித்தான் அந்த நாட்களைச் சம்பாதித்திருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு அல்லவா? 2006இல் ஒன்பது இடங்களை ஒப்பிட்டார்கள். புழு மிகச் சீக்கிரம் உச்சத்தைத் தொடும் காடுகளில், 1987 முதல் 2003க்குள் இந்தப் பறவை சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டது. புழு தாமதமாக வரும் காடுகளிலோ சுமார் 10 சதவீதம்தான் குறைவு. நெதர்லாந்து சின்ன நாடு. காட்டுக்குக் காடு இவ்வளவு வித்தியாசம்!

இன்னொன்றையும் கவனித்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பறவைகளில், காட்டில் கூடு கட்டுகிறவை அதிகம் அடிபட்டன. நாணல் சதுப்புகளில் கூடு கட்டுகிறவை அவ்வளவு அடிபடவில்லை. சதுப்பில் பூச்சி பல வாரங்களுக்குப் பரவலாகக் கிடைக்கும். ஒரு வாரம் தாமதமானாலும் பந்தி இருக்கும். ஓக் காட்டில் ஒரே பந்திதான், அதுவும் சில வாரம்தான்.

வந்து சேர்ந்த பிறகும் வம்பு தீரவில்லை. காலிப் பெட்டி என்று நினைத்து ஈப்பிடிப்பான் உள்ளே நுழையும். பெருஞ்சிட்டு அங்கே ஏற்கெனவே குடியிருக்கும். ஈப்பிடிப்பானைவிட அது எடை மிகுந்தது. அந்த இருட்டுப் பெட்டிக்குள் தலையில் கொத்திக் கொன்றே போட்டுவிடும். மிதமான பனிக்காலங்களால் பெருஞ்சிட்டுகள் பெருகும் ஆண்டுகளிலும், இரண்டும் கூடு தேடும் நாட்கள் மோதிக்கொள்ளும் ஆண்டுகளிலும் இந்தச் சாவுகள் அதிகம் என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. அழகான சின்னக் குருவி என்று ஏமாந்துவிடாதீர்கள்.

போத் குழுவினர் பிறகு ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். நெதர்லாந்து ஈப்பிடிப்பான்களை நெடுந்தூரம் ஏற்றிக்கொண்டு போய்த் தெற்கு ஸ்வீடனில் விட்டார்கள். அங்கே வசந்தம் பிந்தி வரும். நெதர்லாந்துப் பெண்பறவைகள் தங்கள் பழைய கணக்குப்படியே உள்ளூர்ப் பறவைகளுக்கு முன்னால் முட்டையிட்டன. சொந்த ஊரில் தாமதமாகிப்போன அதே நேரம் ஸ்வீடனில் மிகப் பொருத்தமான நேரம்! உள்ளூர்க்காரர்களைவிட அவை வாரிசுகளை வெற்றிகரமாக வளர்த்தன. நேரத்தை மாற்ற முடியாத பறவை இடத்தை மாற்றிப் பிழைக்கலாம் என்று 2023இல் வெளிவந்த அந்த ஆய்வு சொல்கிறது. காரில் ஏற்றிக்கொண்டு போக ஆளில்லாத பறவைகளில் எத்தனை தானாக வடக்கே போகும் என்பதைப் பொறுத்தது மிச்சம்.

வெளிச்சக் காலண்டரை நம்பி மாட்டிக்கொண்ட இன்னொருவரையும் பார்த்துவிடலாம். வட அமெரிக்கக் காடுகளில் ஸ்னோஷூ முயல் இருக்கிறது. கோடையில் பழுப்பு, பனிக்காலத்தில் வெள்ளை. பகல் குறையக் குறைய முடி கொட்டி, வெள்ளை முடி முளைக்கும். பனியில் உட்கார்ந்தால் லின்க்ஸ் என்ற காட்டுப்பூனைக்குக்கூட எளிதில் தெரியாது. இப்போது பனி பிந்தி விழுந்து முந்தி உருகுகிறது. முயலோ பகலின் நீளத்தைப் பார்த்துக் குறித்த நாளில் வெளுத்துவிடுகிறது. பழுப்புத் தரையில் வெள்ளை முயல்! அதைவிட மோசம், தான் பளிச்சென்று தெரிவது முயலுக்கே தெரிவதில்லை. ஒளிந்துகொள்ளத் தோதான இடத்தைத் தேடிப் போவதும் இல்லை. மொன்டானா மாநிலத்தில் முயல்களுக்கு ரேடியோ பட்டை மாட்டிக் கவனித்தார்கள். நிறம் பொருந்தாத வாரங்களில் முயல் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 7 சதவீதம் வரை குறைகிறது என்று 2016இல் எழுதினார்கள். வாரத்துக்கு 7 என்றால் சின்னதாகத் தோன்றும். வாரங்களைப் பெருக்கிப் பாருங்கள்.

பசிபிக் கடலோரம், பனி குறைவான இடங்களில், இதே இனத்தில் சில முயல்கள் பனிக்காலத்திலும் பழுப்பாகவே இருக்கின்றன. மரபணுவை ஆராய்ந்தால், அந்தக் குணம் வேறோர் இன முயலிடமிருந்து எப்போதோ கலப்பில் வந்த இரவல் சரக்கு. பனி குறையும் காலத்தில் இந்த இரவல்காரர்களின் வாரிசுகள் மெல்ல உள்நாட்டுக் காடுகளுக்கும் பரவலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

இந்தத் துறையில் இப்போது புதுப் புதுக் கருவிகள் வந்துவிட்டன. காடு துளிர்ப்பதைச் செயற்கைக்கோள் வானத்திலிருந்தே படம் பிடிக்கிறது. மரபணுவைப் படிக்கலாம். ஆனால் செயற்கைக்கோளுக்குப் புழு தெரியாது. பழைய நோட்டு இல்லாவிட்டால் புதிய படத்தை எதோடு ஒப்பிடுவது? இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் ஓக் துளிர்த்த நாள், தவளை கத்திய நாள் என்று எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் 1958 வரை அதை எழுதினார்கள். அவருக்குப் பூமி சூடாவது பற்றி என்ன தெரியும்? சும்மா ஆசைக்கு எழுதினார். இன்று அது விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷம்.

நம் பக்கத்துக் காடுகளில் இந்த இரண்டு காலண்டரும் இவ்வளவு பெரிதாக மாட்டியிருக்காது. திருநெல்வேலியில் ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குட்டையான பகலுக்கும் ஒரு மணி நேரம் சுமாருக்குத்தான் வித்தியாசம். உறைபனியும் இல்லை. மழை, வறண்ட மாதங்கள், வெயில் ஆகியவற்றைப் பார்த்தே நம் காட்டு மரங்கள் பூக்கின்றன. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மலைமேல், காக்காச்சி என்ற இடத்தில், 1990களில் டி. கணேஷும் பிரியா தவிதாரும் வெடிப்பலா மரத்தின் பூக்காலத்தைப் பின்தொடர்ந்தார்கள். சதைப்பற்றுள்ள அந்தப் பூக்களைச் சோலைமந்தி, மலையணில், பழவௌவால் எல்லாம் தின்னும். பூக்காலம் பிசகினால் அங்கேயும் ஒரு பந்தி தவறும்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இப்படி நோட்டு எழுதும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சீசன்வாட்ச் என்ற திட்டம். வீட்டுப் பக்கத்திலோ பள்ளியிலோ ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, கொன்றையோ மாவோ புளியோ, வாரம் ஒருமுறை அதன் இளந்தளிர், பூ, காய் ஆகியவற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்றே விடைதான்: இல்லை, கொஞ்சம், நிறைய.